ஹாங்சோவில் ஒரு முழுநாள் நடை: எந்தக் குன்றுகளைக் கோப்பது?

ஷாவ்ஷிங் பக்கத்துக் கேச்சியாவ் ஜவுளிச் சந்தைக்குத் துணி எடுக்க வருகிற நம் ஆட்களுக்கு வேலை முடிந்தபின் ஒரு நாள் மிச்சமாவது வழக்கம். பக்கத்தில்தான் ஹாங்சோ. மேற்கு ஏரியைச் சுற்றிப் படம் எடுத்து முடித்தவர்கள் அடுத்த முறை வரும்போது, "அந்தக் குன்றுகளில் நடக்கலாமாமே, எங்கே போகலாம்?" என்று கேட்பார்கள். இங்கேயே படிக்கிற மாணவர்களும் கேட்பதுண்டு.

நல்ல கேள்விதான். ஆளுக்கொரு குன்றைக் கை காட்டுவார்கள், யார் சொல்வதும் தப்பில்லை. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு குன்றும் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் நகரம் என்பது ஹாங்சோவைப் பற்றிச் சீனர்கள் சொல்கிற பழமொழி. மலை என்று அவர்கள் சொன்னாலும் எதுவும் பெரிதில்லை. ஏரியைச் சுற்றியுள்ள குன்றுகளில் உயரமான தியன்ஜுவே 412 மீட்டர்தான். காலையில் ஏறி இறங்கிவிட்டு, பத்து மணிக்கு "இப்போது என்ன செய்வது?" என்று நிற்க வேண்டியிருக்கும். முழுநாள் நடக்க வேண்டுமென்றால் நாலைந்து சின்னத் தடங்களைச் சேர்த்துக் கோத்தாக வேண்டும்.

எதோடு எதைக் கோப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். முதல் முறை நானும் தடுமாறினேன். படத்தில் அழகாக இருந்த நாலு குன்றுகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கிளம்பினேன். மதியம் இரண்டு மணிக்கு ஒரு சுரங்கச் சாலையின் வாசலில், நடைபாதை முடிந்துபோன இடத்தில், கார்களை வேடிக்கை பார்த்தபடி நின்றேன். குன்றில் ஒரு குறையும் இல்லை. ஒரு குன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போனது என் தவறு. அந்த இடைவெளியை நான் 'ஒட்டு' என்று சொல்வேன். தடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சிகரங்களைப் பார்க்காமல் முதலில் ஒட்டுகளைப் பார்ப்பது அன்றைக்கு வந்த பழக்கம்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

ஒட்டு. இரண்டு குன்றுகளுக்கு நடுவே எவ்வளவு தார்ச்சாலை? அதில் நிழல் உண்டா, நடைபாதை உண்டா? அரை கிலோமீட்டர் பரவாயில்லை. இரண்டு கிலோமீட்டர் தாரில் நடந்தால் கால் தளர்வதைவிட மனசு முதலில் தளர்ந்துவிடும்.

கூட்டு ஏற்றம். தனித்தனியாகப் பார்த்தால் குட்டிக் குன்றுகள். ஆனால் ஒவ்வொன்றிலிருந்தும் முழுக்க இறங்கி அடுத்ததில் முழுக்க ஏற வேண்டும். கீழே சொல்கிற மூன்று தடங்களிலும் ஏறத்தாழ 500 முதல் 700 மீட்டர் ஏற்றம் சேர்ந்துவிடும். பெரும்பாலும் கல்படிகள், ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் பேசும்.

நடுவில் கழன்றுகொள்ளும் வழி. மழை வந்தால், கூட வந்தவருக்கு முடியாமல் போனால், எங்கே இறங்கிப் பேருந்தைப் பிடிப்பது?

சோறு, தண்ணீர். நம்மில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி.

தொடக்கமும் முடிவும். மெட்ரோவோ பேருந்தோ காலையில் கொண்டுபோய் விட்டுவிடும். மாலையில் எங்கே முடிக்கிறோம் என்பதில்தான் சூது இருக்கிறது.

பருவத்தைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. அது எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடும் என்பதால் அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

## முதல் தடம்: பாவோஷி, லாவ்ஹே, பெய்காவ்ஃபெங்

ஏரியின் வடகரையில் 'உடைந்த பாலம்' என்று பெயர் கொண்ட பாலத்துக்கு எதிரே இருப்பது பாவோஷி குன்று. ரத்தினக்கல் குன்று என்று பொருள். செம்மண் நிறத்தில் எரிமலைப் பாறை. வெயில் பட்டால் உண்மையாகவே மினுங்கும். மேலே ஒல்லியாக நிற்கிற பாவோச்சு கோபுரம் பத்தாம் நூற்றாண்டில் எழுந்தது, இப்போதுள்ள வடிவம் 1933இல் திரும்பக் கட்டியது. உள்ளே ஏற முடியாது, கெட்டிக் கட்டடம். ஃபெங்ச்சி லூ மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் அடிவாரத்துக்கு நடந்தே வந்துவிடலாம்.

கோபுரத்தைத் தாண்டி மேற்கே முதுகுப் பாறைகள் மேல் ஏறி இறங்கிப் போனால் சூயாங் மேடை. முதல் வெயில் விழும் மேடை என்று பெயரே சொல்கிறது. விடியலுக்கு இதைவிட நல்ல இடம் ஏரியைச் சுற்றி இல்லை. இந்தப் பகுதிக்கு கெ மேடு என்று பெயர். நாலாம் நூற்றாண்டில் இங்கே ரசவாதம் செய்ததாகச் சொல்லப்படும் தாவோ துறவி கெ ஹோங்கின் பெயரால் வந்தது. அப்புறம் ச்சிஷியா மேடு, ஊதா முகில் குகை. ஆடி மாத வெயிலிலும் குகைக்குள் சில்லென்று இருக்கும்.

இங்கே வருகிறது ஒட்டு. ச்சிஷியாவிலிருந்து இறங்கி யூகு சாலையைக் கடந்து லாவ்ஹே குன்றின் அடிவாரம் சேர ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தார்தான், ஆனால் மரநிழல் உண்டு. தாவரவியல் பூங்கா வழியாக வளைந்து போனால் தார் இன்னும் குறையும். நேராக ஜெஜியாங் பல்கலைக்கழகத்தின் யூச்சுவான் வளாகத்துக்குள் புகுந்து ஏறுவது மாணவர்களின் வழி. வெளியாளாக வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பதைவிட, பக்கத்திலிருக்கும் ச்சிங்ஜிவூ கிராமத்து வழியே ஏறுவது மேல். அந்தக் கிராமம் முழுக்க உணவகமும் காபிக் கடையும்தான். மதியச் சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மேலே ஏறிவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

லாவ்ஹேயிலிருந்து பெய்காவ்ஃபெங் வரையுள்ள மேட்டுமுதுகுதான் இந்தத் தடத்தின் உயிர். கல்படியும் மண்ணும் மாறி மாறி வரும். நகரத்தின் ஓரத்திலேயே இருக்கிறோம் என்பது மறந்துபோகும் அளவுக்குக் காடு. அடிவாரத்து லிங்ஃபெங்கில் பிப்ரவரியில் பிளம் பூக்கும், அந்த வாசனைக்காகவே வருகிறவர்கள் உண்டு. பெய்காவ்ஃபெங் 314 மீட்டர். உச்சியில் இருக்கிற கோயில் செல்வ தெய்வத்துக்கு. வியாபாரத்துக்கு வந்த நம் ஆட்களில் ஒருவர்கூட அங்கே கும்பிடாமல் திரும்பியதை நான் பார்த்ததில்லை.

மறைந்திருக்கும் செலவு முடிவில் இருக்கிறது. இறங்குவது லிங்யின் கோயில் வாசலில், அங்கே மெட்ரோ இல்லை. சனி ஞாயிறு மாலை நாலு மணிக்கு அந்தக் கோயிலுக்கு வந்த கூட்டம் மொத்தமும் அதே சாலையில் திரும்பும். பேருந்து நகராது, வாடகைக் காரும் வராது. இந்த நேரத்தில் இறங்குவதாக இருந்தால், பேருந்துக்குக் காத்திருப்பதைவிட ஏரியை நோக்கி நடந்துவிடுவது வேகம்.

யாருக்கு இது பொருந்தும்? மழை வருமா வராதா என்று தெரியாத நாளில், நடந்து பழக்கமில்லாதவர்களைக் கூட்டிப் போகும்போது. பாதியில் விட்டுவிட நிறைய வழி உண்டு. ச்சிஷியா இறக்கத்தில் ஹுவாங்லோங்தோங் மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. பெய்காவ்ஃபெங்கிலிருந்து கம்பி வண்டியில் இறங்கலாம்.

## இரண்டாம் தடம்: தியன்ஜு, லாங்தாங், வூயுன்

தியன்ஜு என்பது இந்தியாவுக்குச் சீனர்கள் வைத்திருந்த பழைய பெயர். ஏரிக்கு மேற்கே ஒரு பள்ளத்தாக்கில் கீழ்த் தியன்ஜு, நடுத் தியன்ஜு, மேல் தியன்ஜு என்று மூன்று கோயில்கள் வரிசையாக இருக்கின்றன. பெயர் சும்மா வரவில்லை. பக்கத்து லிங்யின் கோயிலை நாலாம் நூற்றாண்டில் நிறுவியவர் ஹுயிலி என்று சீனர்கள் அழைக்கும் இந்தியத் துறவி. கோயிலுக்கு எதிரே உள்ள சுண்ணாம்புப் பாறைக் குன்றைப் பார்த்து, "இது எங்கள் ஊர்க் கழுகுச் சிகரமல்லவா, எப்படிப் பறந்து வந்தது?" என்று அவர் கேட்டாராம். அதனால் அதற்குப் பறந்து வந்த சிகரம் என்று பெயர். அவர் சொன்னது ராஜகிருகத்தில் புத்தர் உபதேசித்த குன்றை. பாறை முழுக்க நூற்றுக்கணக்கான புத்த சிற்பங்கள்.

இந்தச் சிற்பங்களைப் பார்க்க ஆரம்பித்தால் மதியமாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள். நடை என்றால் நடைதான்.

லிங்யினிலிருந்து மூன்று கோயில்களையும் தொட்டுக்கொண்டு மேலே போகிற சாலை அமைதியானது. இருபுறமும் தேயிலை, கூடவே ஒரு ஓடை. இந்தத் தடத்தின் ஒரே ஒட்டு இதுதான், நடக்கக் கசக்காது. மேல் தியன்ஜுவின் ஃபாஷி கோயில் கல்யாண வேண்டுதலுக்குப் பேர்போனது, இளைஞர் கூட்டம் எப்போதும் இருக்கும். நமக்கு வேண்டியது அங்கே கிடைக்கும் சைவச் சாப்பாடு. சீன பௌத்தக் கோயில் சமையலில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. "சைவமா?" என்று ஒவ்வொரு கடையிலும் கைபேசியை நீட்டி மொழிபெயர்ப்பைக் காட்டி அலுத்தவர்களுக்கு ஒரு கிண்ணம் நூடுல்ஸை நிம்மதியாகச் சாப்பிடும் சுகம் புரியும். பதினொரு மணி வாக்கில் போய்விடுங்கள், மதியம் தாண்டினால் நிச்சயமில்லை.

கோயிலுக்குப் பின்னாலிருந்து ஏற்றம். முக்கால் மணி நேரத்தில் லாங்தாங் மேட்டில் நிற்பீர்கள். ஷிலி லாங்தாங் என்பது முழுப்பெயர். ஷிலி என்றால் பத்து லி, அதாவது 5 கி.மீ. வளைவுகளோடு நடந்தால் அதைவிடக் கூடவே வரும். இங்கிருந்து தெற்கே ஒரே முதுகு. மேற்கே கீழே மெய்ஜியாவூ கிராமம், கிழக்கே லோங்ஜிங், இரண்டுக்கும் இடையே கத்தி முனை மாதிரி நாம். இருபக்கச் சரிவிலும் சீப்பால் வாரியது போல் தேயிலை வரிசைகள். தெற்கே போகப்போக ச்சியன்தாங் ஆறு தெரியும்.

இவ்வளவு நீளத்துக்குத் தார்ச்சாலையே குறுக்கிடாத ஒரு தடம் நகரத்துக்கு இத்தனை பக்கத்தில் இருப்பது அபூர்வம். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் கையில் ஒரே ஒரு நாள் இருப்பவருக்கு இதைச் சொல்லும்போது மூன்று எச்சரிக்கைகளைச் சேர்த்தே சொல்வேன்.

ஒன்று, நிழல் குறைவு. தேயிலைச் சரிவுகள் திறந்தவெளி. ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரியைத் தாண்டி 40ஐ எட்டிப் பார்க்கும் ஊர் இது. அந்த மாதங்களில் மதியத்துக்குப் பின் இடியும் வரும், மேட்டுமுதுகில் ஒதுங்க இடமில்லை. கோடையில் இந்தத் தடத்தை மறந்துவிடுங்கள்.

இரண்டு, தண்ணீர். ஃபாஷியை விட்டால் மேட்டில் நம்பத்தக்க கடை இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் சுமக்க வேண்டும். நடுவில் மெய்ஜியாவூவுக்கோ லோங்ஜிங்குக்கோ இறங்கும் கிளைப்பாதைகள் உண்டு. ஆனால் இறங்கினால் இறங்கியதுதான், திரும்ப ஏற மனம் வராது. தேயிலைக் கிராமத்து வீடுகளில் உட்கார்ந்து ஒரு கோப்பை பச்சைத் தேநீர் கேட்டால் மாலை வரை வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். விலையை மட்டும் உட்காருவதற்கு முன் கேளுங்கள். அந்த விலை இலைக்கு மட்டுமல்ல, நாற்காலிக்கும் காட்சிக்கும் சேர்த்து.

மூன்றாவது, முடிவு. மேடு முடியும் இடம் வூயுன் குன்று, 334 மீட்டர். உச்சிக் கோயிலில் ஆயிரம் வயது தாண்டிய கிங்கோ மரம் ஒன்று நிற்கிறது. நவம்பர் நடுவில் அதன் மஞ்சள் இலைகள் உதிரும் வாரத்தில் போகக் கிடைத்தால் விடாதீர்கள். அங்கிருந்து யுன்ச்சி மூங்கில் பாதை வழியே இறங்குவது முழங்காலுக்கும் கண்ணுக்கும் நல்லது. ஆனால் யுன்ச்சி ஊரின் கடைக்கோடி. பேருந்து உண்டு, மெதுவாக வரும். இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடும். இந்தக் காடுகளில் காட்டுப்பன்றிகள் இருக்கின்றன. பகலில் நம்மைக் கண்டால் அவை ஒதுங்கிப் போகும், அந்தியில் யார் ஒதுங்குவது என்பது பேச்சுவார்த்தைக்குரியது.

## மூன்றாம் தடம்: வூ குன்று, யூஹுவாங், லோங்ஜிங், ஒன்பது ஓடை

நகரத்தின் நடுவில் தொடங்கி ஆற்றங்கரையில் முடிவது. வூ குன்று அடிவாரத்திலேயே வூஷான் சதுக்க மெட்ரோ நிலையம். ஏறினால் வான்சோங் மேட்டுச் சாலையைக் கடந்து ஃபெங்ஹுவாங் குன்று. 1138 முதல் 1276 வரை தெற்குச் சோங் அரசின் தலைநகரம் ஹாங்சோதான், அப்போது லின்ஆன் என்று பெயர். அரண்மனை இந்தக் குன்றின் கிழக்கு அடிவாரத்தில் இருந்தது. இப்போது போனால் மரமும் மேடும்தான். எதுவும் மிஞ்சாத இடத்தில் நடப்பதும் ஒரு அனுபவம் என்பவர்களுக்கு மட்டும் பிடிக்கும்.

அடுத்தது யூஹுவாங், 239 மீட்டர். இதன் சரிவிலிருந்து கீழே பார்த்தால் எட்டுக்கோண வயல் ஒன்று தெரியும். சோங் அரசர் ஏர் பிடித்து உழும் சடங்குக்கான நிலம் என்று சொல்வார்கள். வசந்தத்தில் கடுகுப்பூ மஞ்சளில் அது எரிகிற மாதிரி இருக்கும்.

இங்கே வரை நன்றாகத்தான் போகும். யூஹுவாங்கிலிருந்து மேற்கே இறங்கினால் ஹூபாவ் சாலை. நான் நின்ற சுரங்க வாசல் இந்தப் பக்கம்தான். வேகமாகப் போகும் வண்டிகள், வளைந்து வளைந்து கடக்க வேண்டிய சந்திப்புகள். அதைத் தாண்டினால் மான்ஜுவேலோங் சாலையில் இன்னொரு இரண்டு கிலோமீட்டர் தார். மூன்று தடங்களில் மிக மோசமான ஒட்டு இது. இங்கே நடக்க வேண்டும் என்று வீம்பு பிடிக்காமல் நாலு நிறுத்தம் பேருந்தில் போய்விடுங்கள். முழுக்க நடந்தேன் என்று சொல்லிக்கொள்வதற்காக ஒரு மணி நேரம் புகை குடிக்க வேண்டியதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை மான்ஜுவேலோங்கில் ஓஸ்மந்தஸ் பூக்கும். சின்னஞ்சிறு மஞ்சள் பூ, தெருவே தேன் மாதிரி மணக்கும். மரத்தடிகளில் மேசை போட்டுத் தேநீர் விற்பார்கள். அந்த மூன்று வாரம் அந்த ஒட்டு தண்டனையாக இருக்காது. ஆனால் அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய விடுமுறை; அப்போது தெருவில் பூவைவிடத் தலைதான் அதிகம்.

மான்ஜுவேலோங்கிலிருந்து வெங்ஜியா குன்று வழியாக லோங்ஜிங் கிராமம். மதியச் சாப்பாடு இங்கே. அப்புறம் வருவதுதான் இந்தத் தடத்தின் பரிசு: லோங்ஜிங்கிலிருந்து ஆறு வரை இறங்குகிற ஒன்பது ஓடைப் பள்ளத்தாக்கு, ஜியூஷி. ஐந்தாறு கிலோமீட்டர் முழுக்க இறக்கம், முழுக்க நிழல். ஓடை திரும்பத் திரும்பப் பாதையைக் குறுக்கே வெட்டும், கல் மேல் கல்லாகத் தாண்டிப் போக வேண்டும். கோடையில் குழந்தைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரிலேயே நடப்பார்கள். பெரியவர்களும்தான். ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை பெய்கிற பிளம் மழையில் கற்கள் முழுகிவிடும். அப்போது நனையாமல் தாண்டலாம் என்ற ஆசையை லோங்ஜிங்கிலேயே விட்டுவிடுங்கள்.

முடிவில் லியூஹே கோபுரம். ச்சியன்தாங் ஆற்றில் கடலிலிருந்து சுவர் போல ஏறிவரும் அலையை அடக்குவதற்கென்று 970இல் கட்டத் தொடங்கியது. அலை இன்னும் அடங்கவில்லை. பக்கத்தில் பொறியாளர் மாவ் யிஷெங் கட்டிய ஆற்றுப்பாலம். 1937 செப்டம்பரில் திறந்த அதை, ஜப்பானியப் படை கைப்பற்றாமலிருக்க அதே ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி அவரே வெடி வைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது. போருக்குப் பிறகு அவரே திரும்பக் கட்டினார். கால் வலியோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்தால் நம் வலி சின்னதாகிவிடும்.

## கோக்கவே வேண்டாம் என்றால்

நாலாவது வழியும் இருக்கிறது. சின்னத் தடங்களை ஒட்டிக்கொண்டு அலையாமல், தொலைவில் உள்ள ஒரே பெரிய தடத்துக்குப் போய்விடலாமே?

மோகான் மலை என்றால் அதிவேக ரயிலில் தெச்சிங் வரை கால் மணி நேரப் பயணம், அங்கிருந்து வண்டி. 700 மீட்டரைத் தொடும் மூங்கில் மலை, குளிர்ச்சி, பழைய வெளிநாட்டுக்காரர் மாளிகைகள். நடையைவிடத் தங்கலுக்குத்தான் ஏற்றது. இன்னும் துணிந்தால் ஆன்ஹுய் எல்லையில் ஹுயிஹாங் பழம்பாதை. ஹுயிஜோ வியாபாரிகள் ஹாங்சோவுக்குச் சரக்கு சுமந்து வந்த கல்பாவிய வழி, 20 கி.மீ. அளவு. வூ குன்று அடிவாரத்தில் இன்றும் இருக்கும் ஹு ச்சிங் யூ தாங் மருந்துக்கடையை 1874இல் தொடங்கிய ஹு ஷுவேயான் இந்தப் பாதையின் ஆன்ஹுய் முனையிலுள்ள ஜிஷி ஊர்க்காரர்தான். அருமையான பாதை. ஆனால் ஒரு முனையில் தொடங்கி வேறொரு மாகாணத்தில் முடியும். போக்குவரத்துக்கே பாதி நாள் போய்விடும். ஒரு ராத்திரி தங்கத் தயாரானால் போங்கள். ஒரே நாள் என்றால் அதைப் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

தூரங்கள் ஏறத்தாழ, நீங்கள் எங்கே வளைகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

| | வடக்கு வரிசை (முதல் தடம்) | லாங்தாங் மேடு (இரண்டாம் தடம்) | தெற்கு ஓடைத் தடம் (மூன்றாம் தடம்) | தொலைவுத் தடம் |
|---|---|---|---|---|
| தூரம் | 12–14 கி.மீ. | 12–13 கி.மீ. | 16–18 கி.மீ. | ஹுயிஹாங் 20 கி.மீ. |
| ஒட்டு | ஒன்று, தாங்கலாம் | ஒன்று, இனிமை | மூன்று, ஒன்று மோசம் | இல்லை |
| நடுவில் கழல | எளிது | கிளைப்பாதை சில | மிக எளிது | கிட்டத்தட்ட முடியாது |
| சைவச் சாப்பாடு | தேட வேண்டும் | ஃபாஷி கோயில் | லோங்ஜிங்கில் கேட்டு வாங்கலாம் | கையோடு கட்டிப் போங்கள் |
| நிழல் | நல்லது | குறைவு | ஓடைப் பகுதியில் முழுக்க | கலவை |
| முடிவில் | நெரிசல் | வெறிச்சோடல் | பேருந்து உண்டு | வண்டி பேசி வைக்க வேண்டும் |
| சிறந்த காலம் | பிப்ரவரி, மழை மிரட்டும் நாள் | மார்ச், அக்டோபர் கடைசி, நவம்பர் | கோடை, ஓஸ்மந்தஸ் நாட்கள் | மே, அக்டோபர் கடைசி |

முதல் தடத்தையும் இரண்டாவதையும் சேர்த்தால் என்ன என்று கேட்கிற ஆட்களும் உண்டு. பெய்காவ்ஃபெங்கிலிருந்து லிங்யினுக்கு இறங்கி, தியன்ஜு வழியாகத் திரும்ப ஏறலாம். 20 கி.மீ. தாண்டும், ஏற்றம் 1,000 மீட்டரை நெருங்கும். உள்ளூர் நடைக்காரர்கள் செய்கிறார்கள். காலை ஏழு மணிக்கு பாவோஷியில் இருந்து, பதினொன்றுக்கெல்லாம் பெய்காவ்ஃபெங்கைத் தாண்டினால் தொடருங்கள். தாண்டவில்லையென்றால் லிங்யினோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதில் மானப்பிரச்சினை ஒன்றுமில்லை.

## எந்தத் தடமானாலும் வரும் செலவு

முதலில் வரைபடம். கூகுள் மேப்ஸ் சீனாவில் வேலை செய்யாது என்பது தெரிந்திருக்கும். தெரியாத விஷயம் வேறொன்று. சீனச் சட்டப்படி பொது வரைபடங்கள் வேண்டுமென்றே சற்று நகர்த்தப்பட்ட ஆயங்களில்தான் இருக்கும். வெளிநாட்டுச் செயலியில் பதிவான ஒரு நடைத்தடத்தை அமாப் மாதிரியான சீன வரைபடத்தின் மேல் போட்டால் சில நூறு மீட்டர் தள்ளி விழும். தேயிலைக் காட்டில் நீங்கள் நிற்க, திரை உங்களைப் பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் காட்டும். தடத்தையும் வரைபடத்தையும் ஒரே செயலியில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் நடைக்காரர்கள் லியாங்பூலூ என்ற செயலியில் பதிகிறார்கள், சீன எழுத்தில் குன்றின் பெயரைப் போட்டால் கிடைக்கும். ஆக, கிளம்புவதற்கு முன் பெயர்களைச் சீன எழுத்தில் கைபேசியில் குறித்துக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்து, வாடகைக் கார் நம்பிக்கை. சனி ஞாயிறும் விடுமுறை நாட்களிலும் ஏரிப் பகுதிக்குள் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் பார்த்துத்தான் வண்டிகளை விடுவார்கள். அவசரத்துக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள். முடிந்தால் வாரநாளில் போங்கள், இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிச் சிக்கல் தீரும்.

தீ. வறண்ட மாதங்களிலும் ச்சிங்மிங் கல்லறைத் திருநாளை ஒட்டியும் காட்டுத்தீ பயம் அதிகம். பாதையின் வாயிலில் லைட்டரை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மேலே அடுப்பு மூட்டி நூடுல்ஸ் செய்யலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். பணம் கட்ட அலிபே செயலி போதும், அது இந்த ஊர்க்காரர்களின் சரக்குதான், வெளிநாட்டு அட்டையையும் இணைத்துக்கொள்ளலாம். கோயில் நுழைவுக்கு முன்பதிவு கேட்டால் கடவுச்சீட்டு எண் தேவைப்படும், அதைக் கையில் வைத்திருங்கள்.

கல்படிகள் மழைக்குப்பின் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். அடிப்பாகம் தேய்ந்த காலணியோடு வந்த ஒருவரைத் தாங்கிப் பிடித்தபடி நான் பெய்காவ்ஃபெங்கிலிருந்து இறங்கியிருக்கிறேன். இருவருக்கும் அது நல்ல நினைவில்லை.

## சரி, எதைத்தான் எடுப்பது?

ஒரே ஒரு நாள், வானம் தெளிவு, கோடை இல்லை என்றால் லாங்தாங் மேடு. யோசிக்கவே வேண்டாம்.

வயதானவர்களோ குழந்தைகளோ கூட வந்தால், அல்லது காலையில் மேகம் இறங்கியிருந்தால் வடக்கு வரிசை. ச்சிஷியாவோடு நிறுத்தினாலும் அரை நாள் வீணாகாது.

கோடையில் தெற்குத் தடத்தின் பின்பாதி மட்டும் போதும்: பேருந்தில் லோங்ஜிங், அங்கிருந்து ஓடையோடு ஆறு வரை. முழுநாள் இல்லை, ஆனால் 38 டிகிரியில் முழுநாள் யாருக்கு வேண்டும்?

மார்ச் கடைசியில் வருகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ச்சிங்மிங்குக்கு முன்னால் பறிக்கிற முதல் கொழுந்துக்குத்தான் லோங்ஜிங் தேயிலையில் விலை அதிகம். அந்த இரண்டு வாரம் சரிவுகளில் பறிப்பவர்கள், கிராமத்தில் சட்டியில் கையாலேயே இலை வறுப்பவர்கள் என்று பார்க்க ஆயிரம் இருக்கும். ஊரும் அப்போதுதான் திரண்டு வரும். பகல் பத்து மணிக்கு மேல் லோங்ஜிங் சாலையில் வண்டி நகராது. அந்த நாட்களில் நான் தெற்குத் தடத்தைத் தலைகீழாகப் போடுவேன். விடிந்ததும் லியூஹே கோபுரத்திலிருந்து கிளம்பி ஓடையை எதிர்த்து மேலே ஏறினால், ஒன்பது மணிக்குள் லோங்ஜிங்கில் இருக்கலாம். சுற்றுலாப் பேருந்துகள் அப்போதுதான் ஊரை விட்டுக் கிளம்பியிருக்கும். அங்கிருந்து மான்ஜுவேலோங், ஹூபாவ் ஒட்டைப் பேருந்தில் தாண்டி, மாலை வெளிச்சத்தில் யூஹுவாங், கடைசியில் வூ குன்று. இறங்கினால் மெட்ரோ காலடியில்.